பதினான்காவது வளைவில் கொதித்த மாருதி 800: ஹெட்டைக் கழற்றியபோது கண்டவை

கடந்த மே மாதம், ஏற்காட்டில் கோடை விழா நடந்துகொண்டிருந்த வாரம். அடிவாரத்திலிருந்து மேலே போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி ஊர்ந்தன. அந்த வரிசையில் மாட்டிய ஒரு மாருதி 800 பதினான்காவது வளைவில் கொதித்து நின்றுவிட்டது. மறுநாள் காலை ரெக்கவரி வண்டியில் ஏறி, சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. மூன்று சிலிண்டர், 796 சிசி. மேலே ஒரு காபித் தோட்டத்துக்குச் சொந்தம். வாரத்தில் மூன்று நாளாவது சேலம் வந்து திரும்பும் வண்டி.

இன்ஜினின் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அது போன வண்டிகள் எனக்குப் புதிதில்லை. மலைக்குப் போகும் சாலையில் பட்டறை வைத்திருப்பவனுக்கு அதுதான் கோடைக்கால வேலை. இந்த ஒன்றை எழுதி வைக்கக் காரணம், இதே வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு முன் வேறு ஒரு பட்டறையில் கேஸ்கட் மாற்றியிருந்தார்கள். அன்றைக்கும் கழற்றினார்கள், புதுசு போட்டார்கள், மாட்டினார்கள். ஏன் போனது என்று ஹெட்டிடம் கேட்கவில்லை. கழற்றுவதைக் கேஸ்கட்டை எட்டுவதற்கான வழியாக மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். என்னைக் கேட்டால், இந்த வேலையில் கழற்றுவதுதான் பரிசோதனை. மாட்டுவது அதற்குப் பிறகு வரும் சாதாரண வேலை.

டிரைவர் பெரியவர், பன்னிரண்டு வருடமாக அந்த வண்டியோடு இருப்பவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"ஒரு மாசமாவே தண்ணி குறைஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்க தம்பி. எங்கயும் ஒழுகல. காலைல ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் நொண்டும், வெள்ளைப் புகை வரும், அப்புறம் சரியாயிரும். பனிக்கு அப்படித்தான்னு விட்டுட்டேன். அன்னைக்கு ஹீட் முள்ளு மேல ஏறுனது தெரியும், ஆனா முன்னாலயும் வண்டி, பின்னாலயும் வண்டி. எங்க நிறுத்தறது?"

நின்ற பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கேனில் வைத்திருந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினேன், மிச்சத்தை இன்ஜின் மேல் ஊற்றினேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடிவிட்டது, தப்பு என்று அவருக்கே தெரிந்திருந்தது. திட்டுவதில் அர்த்தமில்லை. பின்னால் நூறு வண்டி ஹாரன் அடிக்கும்போது யாருக்கும் அரை மணி நேரம் பொறுத்திருக்கத் தோன்றாது.

திறப்பதற்கு முன் பார்த்தவை

ஸ்பேனர் எடுக்கும் முன் ஹெட்டைத் திறக்கத்தான் வேண்டுமா என்பதை உறுதி செய்ய வேண்டும். எண்ணெய்க் குச்சியை உருவினேன், எண்ணெய் சுத்தமாக இருந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் மஞ்சளாக, மோரில் திரண்ட வெண்ணெய் மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தது. இதைப் பார்த்ததும் "எண்ணெயில் தண்ணி கலந்திருச்சு" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. மலையில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தாது. குளிர்ந்த காலையில் கிளம்பி, இன்ஜின் முழுதாகச் சூடேறும் முன்பே அணைத்துவிடும் வண்டியில் உள்ளிருக்கும் ஈரம் மூடியின் அடியில் குளிர்ந்து இப்படிப் படியும். நல்ல இன்ஜினிலும் ஏற்காட்டில் இதைப் பார்க்கலாம். குச்சியில் இருக்கும் எண்ணெயைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற அளவு. மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுதாக அமுக்கி செல்ஃப் அடித்தோம். முதல் சிலிண்டர் 155 பிஎஸ்ஐ. இரண்டாவது 85, மூன்றாவது 80. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இப்படி இறங்கினால் இடையில் இருக்கும் கேஸ்கட் சுவர் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் பிஸ்டன் ரிங் தேய்மானத்தை விலக்க, இரண்டிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தோம். அளவு ஏறவில்லை. ஆக, கோளாறு ரிங்கில் இல்லை.

மூன்றாவதாக ஒரு சோதனை. எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் காட்டியது, இன்றுவரை என்னைக் கைவிட்டதில்லை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது வாட்டர் பம்ப் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்கும். குமிழி வந்தால் அது சிலிண்டரிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஸ்டார்ட் ஆன மூன்றாவது விநாடியே பொரி பொரியாகக் குமிழி வந்தது. மூன்றாம் பிளக் வயரைப் பிடுங்கினேன், குமிழி ஏறக்குறைய நின்றுவிட்டது. மாட்டினேன், மறுபடி வந்தது. ஆக, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு வழி, மூன்றிலிருந்து தண்ணீர்ப் பாதைக்கு இன்னொரு வழி. இதற்கு மேல் திறக்காமல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

கழற்றிய விதம்

அன்றே கழற்றச் சொல்லித் தோட்டத்துக்காரர் போனில் அவசரப்பட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அலுமினிய ஹெட்டைச் சூட்டோடு கழற்றினால், போல்ட்டின் பிடி விட்ட கணத்தில் அது தன் இஷ்டத்துக்கு வளைந்து, அப்படியே ஆறிவிடும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். முழம் அளவுகூட வராத இந்த ஹெட்டில் 300 மில்லிமீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டாலும், 80 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். கீழே இருக்கும் பிளாக் அதில் பாதிதான் நீளும். இந்த இழுபறியை ஓடும்போதெல்லாம் தாங்குவது நடுவில் இருக்கும் கேஸ்கட்டும் எட்டு போல்ட்டும்தான். டிரைவர் குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றியபோது ஹெட்டின் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கியது. அது எவ்வளவு கெடுதல் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அதனால் மாலையில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, இரவு முழுக்க அப்படியே விட்டோம்.

காலையில் பேட்டரி நெகட்டிவ் முதலில். ரேடியேட்டர் தண்ணீரைக் கீழே விடாமல் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்தேன். நிறம் பார்க்க வேண்டும். செம்மண் கரைத்த மாதிரி வந்தது, அடியில் வெள்ளையாகத் தூள். கூலன்ட்டின் பச்சையோ சிவப்போ ஒரு சொட்டு இல்லை. வெறும் தண்ணீர், அதுவும் சேலத்து போர் தண்ணீர். வெள்ளைக்கல் வெட்டும் சுண்ணாம்புக் கரடு உள்ள ஊர் இது. எங்கள் போர் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. அதே உப்புதான் இன்ஜினுக்குள் கொதித்துக் கொதித்துப் படிகிறது.

அப்புறம் தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தோம். உள்ளே காலி. முதல் கேஸ்கட் வேலையின்போதே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். "இது இருந்தா ஹீட் ஆகும், எடுத்துட்டா ஹீட் ஆகாது" என்ற நம்பிக்கை நம் பட்டறைகளில் இன்னும் சாகவில்லை. தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் இருந்து, 82 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும் சின்ன வால்வு அது. அது இல்லாவிட்டால் மலை இறங்கும்போதும் காலைக் குளிரிலும் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெயில் ஈரம் தங்கும். ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு வருவதும் வெளியே தெரியாது. சமதளத்தில் முள் கீழேயே கிடப்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டிரைவர் நினைத்துக்கொள்வார். இந்த வண்டியில் நடந்ததும் அதுதான்.

ஏர் கிளீனர், ஆக்ஸிலேட்டர் கேபிள், சோக் கேபிள், பெட்ரோல் குழாய், வேக்குவம் குழாய்கள் என்று வரிசையாகக் கழற்றினோம். ஒவ்வொரு குழாய்க்கும் வெள்ளை டேப் ஒட்டி எண் போட்டு, கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்தான் என்னிடம் வேலை பழகும் தம்பி. டிஸ்ட்ரிபியூட்டர் இந்த இன்ஜினில் ஹெட்டோடு சேர்ந்தது. ரோட்டர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஆணியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டோம். டைமிங் பெல்ட் கவரை எடுத்து, கேம் புல்லி குறியையும் கிராங்க் குறியையும் நேருக்கு நேர் நிறுத்திய பிறகுதான் டென்ஷனரைத் தளர்த்தினோம். பெல்ட் கழன்ற பிறகு யாரும் கிராங்கைச் சுற்றக் கூடாது என்று தம்பியிடம் இரண்டு முறை சொன்னேன்.

எட்டு ஹெட் போல்ட். கோடியில் இருப்பவற்றில் ஆரம்பித்து, எதிர்மூலையாக மாறி மாறி, உள்நோக்கி நடுவுக்கு வர வேண்டும். ஒரே மூச்சில் எதையும் கழற்றக் கூடாது. முதல் சுற்றில் கால் திருகு, அடுத்த சுற்றில் அரை, மூன்றாவதில் கையால் சுழலும் அளவுக்கு. புதுப் பாயை விரிக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி விடுவோமே, போல்ட் முறுக்குவது அந்த மாதிரி. கழற்றுவது அதற்கு நேர் எதிர். ஒரு பக்கத்தை முழுதாக விட்டுவிட்டு மறுபக்கம் போனால், இறுகியிருக்கும் பக்கம் ஹெட்டை வளைத்துப் பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒன்று கவனித்தேன். நடுவில் இருந்த ஒரு போல்ட் மற்றவற்றைவிட லேசாகத் தளர்ந்தது. மற்ற ஏழும் டக்கென்று ஒரு சத்தத்தோடு விட்டன, இது சத்தமே இல்லாமல் வந்தது. அந்த போல்ட் எங்கே இருந்தது? இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே. அதற்கு ஒரு டேப் சுற்றித் தனியாக வைத்தோம். மற்றவற்றை ஓர் அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, ஹெட்டில் இருந்த அதே இடப்படி குத்தி வைத்தோம். மொத்தமாக ஒரு டப்பாவில் போட்டிருந்தால் இந்தத் தடயம் அங்கேயே தொலைந்திருக்கும்.

போல்ட் எல்லாம் வெளியே வந்தும் ஹெட் அசையவில்லை. "அண்ணா, ஸ்குரூ டிரைவர் வச்சு நெம்பட்டுங்களா?" என்றான் தம்பி. கையில் எடுத்தேவிட்டான். நான் அவன் கையைப் பிடித்தேன். முதல் முறை கழற்றியவர்கள் அதைத்தான் செய்திருந்தார்கள். ஹெட்டின் முன் மூலையில், கேஸ்கட் உட்காரும் விளிம்பில், நகத்தால் தடவினால் சிக்கும்படி ஒரு வெட்டு இருந்தது. அலுமினியம் மிருதுவான உலோகம், இரும்பு முனை பட்ட இடம் குழிந்துவிடும். நல்ல வேளை, அந்தக் காயம் தண்ணீர்ப் பாதைக்கும் சிலிண்டருக்கும் எட்டாமல் வெளி ஓரத்தோடு நின்றிருந்தது.

ஹெட் வரவில்லை என்றால் அதை ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்தோம். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஒரு சின்னத் தண்ணீர் ஹோஸ் கழற்றாமல் இருந்தது. அதைப் பார்க்காமல் விட்டது என் பிழை. கிளிப்பை விட்டு அதை உருவினோம். பிறகு ஹெட்டின் கனமான மூலையில் ஒரு வேப்பமரக் கட்டையை வைத்து ரப்பர் சுத்தியால் இரண்டு தட்டு, எதிர்மூலையில் இரண்டு தட்டு. மெல்லிய ஒரு சத்தத்தோடு ஒட்டு விட்டது. இருவரும் இரண்டு பக்கம் பிடித்து நேராக மேலே தூக்கி, பழைய போர்வை விரித்த பலகையில் பக்கவாட்டில் சாய்த்து வைத்தோம்.

உள்ளே இருந்தது

மூன்று பிஸ்டன் தலைகளையும் துடைக்காமல் பார்க்க வேண்டும். முதலாவது சீரான கரும்பழுப்புக் கரியோடு இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே, ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் ஈரமாக. மூன்றாவதில் பாதி வட்டம் பளபளவென்று, சாம்பல் போட்டுத் தேய்த்த பித்தளைச் செம்பு போல இருந்தது. தண்ணீர் கசிந்து, நெருப்பில் ஆவியாகி, கரியைக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. மாதக்கணக்கில் நடந்த வேலை அது. டிரைவர் சொன்ன காலை நொண்டலும் வெள்ளைப் புகையும் இங்கிருந்துதான்.

கேஸ்கட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். இரண்டாம் மூன்றாம் வளையங்களுக்கு நடுவே இருக்கும் குறுகிய இடத்தில் தகடு எரிந்து, ஒரு கோடு போலக் கறுத்து, ஒரு நூல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. மூன்றாம் வளையத்திலிருந்து பக்கத்துத் தண்ணீர்த் துளை வரை இன்னொரு கரிக்கோடு. குமிழி சொன்னதும் கம்ப்ரஷன் கேஜ் சொன்னதும் இதில் அப்படியே வரைந்திருந்தது.

ஹெட்டின் அடிமுகத்தைச் சுரண்டாமல், தின்னரில் ஊறவைத்து மரச் சில்லால் சுத்தம் செய்தோம். வளைவு பார்க்கும் நேர்ச்சட்டமான ஸ்ட்ரெய்ட் எட்ஜை நான்கு ஓரங்களிலும் இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய அளவு இலைகளை விட்டுப் பார்த்தோம். இந்த ஹெட்டுக்கு 0.05 மில்லிமீட்டர் வரைதான் விடலாம். மூலைவிட்டத்தில், இரண்டாம் மூன்றாம் அறைகளுக்கு நடுவே 0.12 இலை சுலபமாகப் போனது. பிளாக்கை அதே ஆறு திசையில் பார்த்தோம், 0.03க்கு மேல் இல்லை. பிளாக் பிழைத்தது.

தளர்ந்து வந்த போல்ட்டின் துளையில் குச்சியில் துணி சுற்றி விட்டேன். கரியும் பழைய எண்ணெயும் தண்ணீரும் கலந்த சேறு அடியிலிருந்து வந்தது. அடியில் திரவம் தேங்கியிருந்தால் முறுக்கும்போது போல்ட்டின் முனை அதை அழுத்தும், திரவமோ அமுங்காது. முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் "போதும்" என்று சொல்லிவிடும், ஆனால் ஹெட்டின் மேல் உண்மையான பிடி விழுந்திருக்காது. சில சமயம் பிளாக்கே விரிசல் விடும். இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் துளைகளைச் சுத்தம் செய்யாமல் போல்ட் போட்டிருக்கிறார்கள் என்பதே என் முடிவு. பிடி குறைந்த இடத்தில்தான் கேஸ்கட் எரிந்திருக்கிறது, ஹெட் வளைந்திருப்பதும் அங்கேதான்.

இவ்வளவு இருந்தும், பழைய பிடியோடு அந்த வண்டி இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. பிறகு ஏன் மே மாதம் மலையில் கொதித்தது? விடை ரேடியேட்டர் மூடியில் இருந்தது. அதன் ரப்பர் வளையம் வெடித்து, கல் மாதிரி இறுகியிருந்தது. 0.9 கிலோ அழுத்தம் வரை பிடித்து வைக்க வேண்டிய மூடி அழுத்தமே பிடிக்கவில்லை. சேலத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர், அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே அரிசி வேக நேரம் பிடிப்பதும் இதனால்தான். நல்ல மூடி இருந்தால் அதே உயரத்தில் 115 டிகிரி வரை தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். மூடி போனதால் இந்த வண்டிக்கு அந்த இருபது டிகிரி பாதுகாப்பு கிடைக்கவில்லை. அடைத்த ரேடியேட்டர், முதல் கியரில் ஊர்ந்த வரிசை, காற்றே வராத வளைவு எல்லாம் சேர்ந்துகொண்டன. கொதித்த தண்ணீர் ஆவியாகி ஹெட்டில் உலர்ந்த இடம் விட்டது. ஏற்கெனவே பிடி குறைந்த இடம் அதைத் தாங்கவில்லை.

சரி செய்தது

இது சுருக்கமாகவே போதும். ஹெட்டைத் தலைகீழாக வைத்து அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றினோம், மூன்றாவதில் எக்ஸாஸ்ட் வால்வு வழியே கசிந்தது. வால்வு எல்லாவற்றையும் லேப்பிங் செய்தோம், அதாவது சீட்டில் கசிவில்லாமல் உட்காரும்படி தேய்த்தோம். வால்வு சீட்டுகளுக்கு நடுவே சாயம் தடவிப் பார்த்தோம், விரிசல் இல்லை. அடிமுகத்தைச் சீவிச் சமப்படுத்தும் ஃபேசிங்குக்கு லேத்தில் கொடுத்தபோது, வளைவு போகும் அளவுக்கு மட்டும் எடுக்கச் சொல்லி, நானே பக்கத்தில் நின்றேன். அதிகம் எடுத்தால் கம்ப்ரஷன் ஏறும், கேமின் டைமிங்கும் தள்ளிப்போகும், அடுத்த முறை எடுக்க மிச்சம் இருக்காது. புது ஹெட்டே வாங்கிவிடலாமா என்று தோட்டத்துக்காரர் கேட்டார். விரிசல் இல்லாத ஹெட்டைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை, அப்படியே சொன்னேன்.

போல்ட் துளைகளைக் காற்றடித்து உலர்த்தி, புது கேஸ்கட்டை 'டாப்' எழுத்து மேலே பார்க்க வைத்து, போல்ட்டின் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, நடுவிலிருந்து வெளியே மூன்று சுற்றாக 6 கிலோகிராம்-மீட்டர் டார்க் வரை முறுக்கினோம். வால்வுகளுக்கு விடும் டேப்பட் இடைவெளி, இன்ஜின் ஆறிய நிலையில், 0.15 மில்லிமீட்டர். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தோம். புது மூடி, 82 டிகிரி தெர்மோஸ்டாட், சுத்திகரித்த தண்ணீரில் கலந்த கூலன்ட். தெர்மோஸ்டாட்டைப் போடும் முன் டிரைவரை அழைத்து, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் சுட வைத்து, அது திறப்பதை அவர் கண்ணால் பார்க்க வைத்தேன்.

"இது திறக்கற வரைக்கும் தண்ணிய நிறுத்தி வச்சு, அப்புறம் விடுதா தம்பி? இதையா குப்பைல போட்டாங்க?" என்றார். அவர் கையிலேயே கொடுத்து உட்கார வைக்கச் சொன்னேன்.

கம்ப்ரஷன் மறுபடி அளந்தபோது 160, 155, 160.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, டிரைவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏறினோம். கோரிமேடு தாண்டும்போது முள் பாதிக்குக் கீழே. பத்தாவது வளைவில் பாதி. பதினான்காவதில் முன்னால் ஒரு பஸ் நின்றுவிட, நாங்களும் நின்றோம். ஃபேன் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது, ஒன்றரை நிமிடத்தில் அதுவே நின்றது. முள் பாதியைத் தாண்டவில்லை. ஏரிக்கரையில் நிறுத்தி, இன்ஜின் ஆறும் வரை தேநீர் குடித்துவிட்டு மூடியைத் திறந்து பார்த்தோம், கழுத்து வரை இருந்தது.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு வரச் சொல்லி டேப்பட்டை மறுபடி பார்த்தேன், இரண்டு வால்வுக்கு மட்டும் லேசான திருத்தம் தேவைப்பட்டது. இப்போது டிரைவர் வண்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். திங்கட்கிழமை காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கூலன்ட் அளவைப் பார்த்து அதில் எழுதுகிறார். கடைசியாகப் பார்த்தபோது பதினோரு வாரமாக ஒரே அளவு எழுதியிருந்தது.